சவுக்குத் தோப்புக்கு எதிரே நின்ற வண்டி

நிற்பதற்கு முன்னால் வண்டி ஒரு தரம் இழுக்கும். பிறகு இரண்டு விக்கல். அதோடு சரி. ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றும் இருக்காது. ரோட்டில் டயர் உருளும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வரும். பிறகு அதுவும் அடங்கிவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான். பங்குனி வெயில். திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோடு. பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய தடுப்பூசிப் பெட்டி, அதற்குள் உருகிக்கொண்டிருக்கிற ஐஸ். கிளியனூரைத் தாண்டி உள்ளே போனால் நான் வேலை பார்த்த ஊர். அங்கே கைக்குழந்தைகளோடு பெண்கள் காலையிலிருந்து காத்திருப்பார்கள்.

இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். இடது பக்கம் சவுக்குத் தோப்பு. வலது பக்கம், ரோட்டைத் தாண்டி, தனியாக ஒரு ஓட்டு வீடு. வாசலில் மல்லாட்டைக் கடலை காயப்போட்டிருந்தது. அதைக் காலால் துழாவிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

தேவகி.

வேறு எங்கே நின்றிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி லாரி மோதிச் செத்துப்போனது இந்த இடத்தில்தான். இதே வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இதே தோப்போரம் நின்றிருந்தபோது. அவர் தேவகி வீட்டுக்குத்தான் வந்தார் என்பது ஊர்ப் பேச்சு. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

"நர்சம்மா, வண்டி நின்னுட்ச்சா? வெயில்ல நிக்காதீங்க, நெழல்ல வந்து குந்துங்க" என்று அவள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

நியூட்ரலில் போட்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தேன். அந்த வீடு கண்ணுக்கு மறைகிறவரைக்கும் தள்ளினேன். நின்று திரும்பிப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஐஸெல்லாம் தண்ணீராகிவிட்டது. அந்த மருந்தைப் போடக் கூடாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளைப் புடவையும் கிக்கரும்

போன வாரம் துணை சுகாதார நிலையத்தைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "தினமும் திண்டிவனத்திலிருந்து அவ்வளவு தூரம் எப்படிம்மா போய் வந்தீர்கள்?"

முதலில் பஸ்ஸில்தான். மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். தடுப்பூசிப் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தால், ஊர் எல்லை வருவதற்குள் விரல் மரத்துவிடும்.

எனக்குக் கல்யாணமானது தொண்ணூற்று மூன்றில். அவர் போனது அதற்குச் சில வருடம் கழித்து. அப்போது என் மகள் ரெஜினா வயிற்றில் நான்கு மாதம். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நிற்கத் தொடங்கிய பிறகு, பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நேரத்துக்குப் போய்த் திரும்புவதற்கு எனக்கு வண்டி தேவைப்பட்டது. வண்டி வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நூறு சிசி, சிவப்பு நிறம். பின்பக்க மட்கார்டும் விளக்கும் நசுங்கியிருந்தன. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. அவர் போய்விட்டார், அது இருந்தது.

விழுப்புரத்தில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் என் தம்பியை வைத்து ஓட்டப் பழகினேன். சுடிதாரில் ஓட்டிப் போய், நிலையத்துக்குள் நுழைந்ததும் புடவை மாற்றிக்கொள்வேன். கியர் வண்டி ஓட்டுகிற பொம்பளையை அந்த ரோட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மாட்டு வண்டிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

முதல் வாரமே வண்டி நின்றது. பிறகு போகிற ஒவ்வொரு நாளும் நின்றது.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

நின்ற வண்டியின் பக்கத்தில் ஒரு பெண் நின்றால் ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுவார்கள். "சோக்கு போட்டுக்கினே ஓட்டினு வந்திருப்பீங்க." "ரிசர்வ்ல போடுங்க." "பெட்ரோல்ல தண்ணி கலந்துகீது." ஒருவர் கிக்கரை இருபது தரம் மிதித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "பொம்பள கைக்கு இது வராதும்மா, வித்துட்டு பேசாம பஸ்ல போ" என்றார். அவர் அதைச் சொல்லி முடித்துப் போன பிறகு நான் மிதித்தேன். எடுத்துக்கொண்டது.

திண்டிவனத்தில் எங்களுக்கு வாடிக்கையான மெக்கானிக் பாஷா பாய். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, மேம்பாலத்துக்குக் கீழே கடை போட்டிருந்தார். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் நல்ல பழக்கம். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்ததும் அவர்தான்.

முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பிறகு புதுப் பிளக் போட்டார். கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்து ஊதினார். பெட்ரோல் வருகிற குழாயில் இருக்கும் சல்லடையைக் கழுவினார். பாயிண்ட்டைத் தேய்த்தார். காயில் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் வண்டியை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

"தங்கமா ஓடுது சிஸ்டர். ஒரு கொறையும் இல்ல."

மறுநாள் சவுக்குத் தோப்புக்கு முன்னேயோ பின்னேயோ நின்றுவிடும்.

"பேஜாரு புடிச்ச வண்டியா இருக்கே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் பாய். "எங்கிட்ட ஓடுது, உங்ககிட்ட நிக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

விழுப்புரத்தில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்கும் கொண்டு போனேன். அங்கே என்னிடம் யாரும் பேசவில்லை. கூட வந்த என் தம்பியிடம், "யாரு ஓட்டுறது?" என்று கேட்டார்கள். என்னைக் கைகாட்டினான். சிரித்துவிட்டு, "அப்ப வண்டியில கோளாறு இல்ல" என்றார்கள்.

என் மாமியார் லூர்தம்மாளுக்கு வேறு விளக்கம் இருந்தது. "அவ வூட்டு எதிர்ல வந்தா எம்புள்ள ஆவி வண்டிய வுடாது. அங்கயேதான் இஸ்து நிறுத்தும்" என்பார். பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வண்டிக்கு மந்திரித்த தண்ணீர் தெளிக்கச் சொன்னார். சாமியார் தெளித்தார். மறுநாளும் நின்றது.

நான் படித்தவள். ஆவியை நம்பாதவள். ஆனாலும் அந்த ஓட்டு வீட்டைக் கடக்கும்போது, செத்த பிறகும் இவர் இங்கேதான் நிற்கிறாரா என்று வயிறு எரியும்.

பனமலை ஏரிக்கரையில்

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் ஆள் அனுப்புவார்கள். தோள்பையில் ஸ்பேனரும் டெஸ்டரும் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், "பனமலைல ஒரு மோட்டாரு பாக்கணும், நீயும் வர்றியா?" என்றார். போனேன்.

அவர் வேலை முடிக்கிறவரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் மலையும் மேலே கோயிலும் தலைகீழாகத் தெரிந்தன. கரையோரக் கொல்லையிலிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மோட்டாரைத் தொடாமல் விவசாயியைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "எப்ப நின்னுச்சி? ஓட ஆரம்பிச்சி எத்தினி நேரங்கழிச்சி? நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் மாறிச்சா? திரும்ப எப்ப ஓடிச்சி?"

அந்தப் பெரியவர் எரிச்சலாகி, "மோட்டார பாக்க வந்தியா, என்னைப் பாக்க வந்தியா?" என்றார். இவர் சிரித்துக்கொண்டே மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்கு அது பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் நாங்கள் கேட்பதும் அதைத்தானே.

அந்தப் புதன்கிழமை

கர்ப்பத்தில் எனக்குப் பெட்ரோல் வாடை ஆகவில்லை. வண்டியின் டேங்க் மூடியில் இருந்த ரப்பர் நைந்துபோய், மேடு பள்ளத்தில் பெட்ரோல் சிந்தும். அவர் பேண்ட்டெல்லாம் வாடை. அவர் வாசலில் நுழையும்போதே எனக்குக் குமட்டும். "இந்த நாத்தத்தோட கிட்ட வராதீங்க" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வாடை நின்றது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவர் வீடு திரும்ப வெகு நேரமானது. அதற்கு முந்தின வாரம்தான் தேவகியின் கொல்லையில் மோட்டார் சரிபண்ணிக் கொடுத்திருந்தார். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், தனியாக இருக்கிறவள் என்று பக்கத்து வீட்டுக்காரி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் அதே பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் வந்து, "உங்க வூட்டுக்காரரு வண்டி அவ வூட்டாண்ட நின்னுக்கினு இருந்துச்சாம். எங்க வூட்டாளு பஸ்ஸுலேர்ந்து பாத்தாரு" என்றாள்.

அவர் வந்ததும் கேட்டேன்.

"வண்டி நின்னு நின்னு போவுது பிலோ. ஏன்னு தெரியல" என்றார்.

"வண்டி நிக்குதா, நீங்க நிக்கிறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் நான் முகம் கொடுக்கவில்லை. அவரும் பேசாமல் கிளம்பினார்.

மத்தியானம் ஆள் வந்து சொன்னார்கள். மூட்டை ஏற்றி வந்த லாரி. டிரைவர் கண் அசந்துவிட்டதாக ஒத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போக வேண்டிய ஊர் இன்னும் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே ஏன் நின்றார்? யார் வந்தாலும் அதையேதான் கேட்டார்கள். நேரடியாக அல்ல, சுற்றி வளைத்து.

ஆஸ்பத்திரியில் அவருடைய பொருள்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், கழுத்து ஜெபமாலை, டெஸ்டர். கூடவே சாவி செருகியபடி வண்டியின் டேங்க் மூடி. "சட்டைப் பையில இருந்துச்சும்மா" என்றார் அங்கிருந்தவர். அடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில் யாருக்கு அதெல்லாம் யோசிக்கத் தோன்றும்? கவரை அப்படியே டிரங்குப் பெட்டியில் போட்டேன். பின்னால் வண்டி சரியானபோது மூடியை எடுத்துப் பாஷா பாயிடம் கொடுத்தேன். அவர் மாட்டினார்.

சாவு வீட்டுக்குத் தேவகி வந்தாள். ஓரமாக நின்று வாய்விட்டு அழுதாள். என் மாமியார் எழுந்து போய் மண்ணை வாரி அவள்மேல் தூற்றினார். "எம்புள்ளய முழுங்கிட்டு இங்க வந்து நீலி வேஷம் போடறியாடி?" யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அவள் தலையிலிருந்த மண்ணைத் தட்டாமலே போனாள்.

அத்தைக்கு என்மேலும் கோபம் இருந்தது. "வூட்ல நிம்மதி இருந்தா ஆம்பள ஏன் வெளிய போயி நிக்கறான்?" என்று ஜாடையாகச் சொல்லிக்கொண்டே என் பிள்ளையை வளர்த்தார்.

காய்ச்சல் சார்ட்

தடுப்பூசி வீணான அந்தப் பங்குனி நாளுக்குப் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யாரிடமும் கொடுத்துப் பயனில்லை. நானே பார்ப்பது.

எனக்கு வண்டி தெரியாது. காய்ச்சல் சார்ட் போடத் தெரியும். பழைய டைரியின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். எந்த நாள், எத்தனை கிலோமீட்டரில் நின்றது, வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், திரும்ப எடுக்க எத்தனை நிமிஷம், அதற்குள் நான் என்ன செய்தேன்.

இரண்டு மாதம் எழுதினேன். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழை நாளிலும் நின்றது. மெதுவாகப் போனாலும் நின்றது. வீட்டிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். சில நாள் கொஞ்சம் முன்னே, சில நாள் கொஞ்சம் பின்னே. சும்மா நின்றால் திரும்ப எடுக்க இருபது நிமிஷம் ஆனது. சில நாள் மட்டும் இரண்டே நிமிஷத்தில் எடுத்தது. அந்த நாட்களில், 'டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தேன்' என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

எழுதியிருந்ததே தவிர எனக்கு விளங்கவில்லை. பெட்ரோல் பார்ப்பதற்கும் வண்டி கிளம்புவதற்கும் என்ன தொடர்பு?

அந்த ஆடி மாதம் விழுப்புரத்தில் அம்மா வீட்டில் இருந்தபோது ரெஜினாவுக்கு வயிற்றுப்போக்கு. காலையில் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்போதெல்லாம் கண்ணாடி பாட்டில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேகமாக விழுந்தது மெதுவானது, பிறகு நின்றுவிட்டது. பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது.

எனக்குக் கைப்பழக்கம். பாட்டில் மூடியின் ரப்பரில் குத்தியிருந்த காற்று ஊசியைப் பார்த்தேன். அடைத்துக்கொண்டிருந்தது. வேறு ஊசி வாங்கிக் குத்தினேன். பாட்டிலுக்குள் குமிழிகள் கடகடவென்று மேலே ஏறின. சொட்டு விழ ஆரம்பித்தது. எத்தனையோ வருடமாக, எத்தனையோ பேருக்குச் செய்தது. உள்ளே காற்று போனால்தான் வெளியே தண்ணீர் வரும்.

என் கை அப்படியே நின்றது.

டேங்க் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அதை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீல மை வட்டம்

பிள்ளைக்குச் சரியானதும் திண்டிவனம் திரும்பினேன். நேராகப் பாஷா பாயிடம் போனேன். "பாய், டேங்க் மூடிக்கு உள்பக்கம் பாருங்க. காத்து போற ஓட்டை இருக்குதா?"

அவர் சாவி போட்டு மூடியைக் கழற்றித் திருப்பினார்.

"இருக்குது சிஸ்டர். ஊசிமுனை மாதிரி ஒண்ணு. ஆனா மேல யாரோ ரப்பரு போட்டு மூடிகிறாங்க. சைக்கிள் டியூப அறுத்துப் போட்டுது. நடுவுல ஓட்டை போடணும், போடல. பெட்ரோல் உள்ள எறங்க எறங்கக் காத்து வேணுமே. எப்பிடி வரும்? நான் ஊருக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டினா எங்க தெரியும்?" அவர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாட்டும்போது பாக்காம வுட்டனே. யாரு இந்த வேலைய பண்ணது?"

அவர் ரப்பரைப் பிய்த்து என் கையில் வைத்தார். வட்டமாக அறுத்த கறுப்பு ரப்பர். ஓரத்தில் நீல மையில் வரைந்த கோடு பாதி தெரிந்தது. எதையோ கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் பேனாவால் கோடு இழுத்து, பிளேடால் அறுத்திருந்தது. என் வீட்டுக்காரர் எதை அறுத்தாலும் அப்படித்தான் அறுப்பார், பேனாவால் கோடு போட்டு.

கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ரப்பர் போட்டது ஞாயிறு. செவ்வாயன்று வண்டி நின்றது, சவுக்குத் தோப்பிடம். புதனன்றும் அங்கேயே நின்றது. வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். எனக்கு எங்கே நின்றதோ அங்கேதான் அவருக்கும். லாரி மோதினால் டேங்க் மூடி எங்காவது தெறித்துப் போகும். சட்டைப் பைக்குள் போய் உட்காராது. அவரே திறந்து, அவரே பையில் போட்டிருக்கிறார்.

அவர் யார் வீட்டுக்கும் வரவில்லை. வண்டி நின்றது. அவர் சொன்னது அதைத்தான்.

வீட்டுக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரைக் காட்டினேன். அவர் பிள்ளைக்குக் கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"வாடை வருது, வாடை வருதுன்னு நீ கத்தினியே. அதுக்குத்தான இந்த ரப்பர போட்டான்?"

"ஆமா அத்தை."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றையிலிருந்து ஜாடைப் பேச்சும் நின்றது. பேசியிருந்தால் தேவலை.

அவள் கையில் இருந்தது

மறுவாரம் ஓட்டு வீட்டுக்கு எதிரே நானே பிரேக் பிடித்து வண்டியை நிறுத்தினேன். ரோட்டைத் தாண்டிப் போனேன். தேவகி வாசலில் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"மறுபடியும் நின்னுட்ச்சா?" என்றாள்.

"இல்ல. சரியாயிட்ச்சி. உங்ககிட்ட பேசணும்னு வந்தேன்."

ரப்பரைப் பற்றிச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மூடில ஓட்டை அடச்சிக்கினு இருந்துச்சா? அதானே அவரும் சொன்னாரு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. "யாரு?"

"அண்ணன்தான். அன்னிக்கு வண்டிய அங்க நிறுத்திட்டு, மூடிய கையில எடுத்துக்கினு இங்க வந்தாரு. 'கண்டுபுடிச்சிட்டம்மா, நான் பண்ண வேலதான், ரப்பர்ல ஓட்டை போடணும், பழைய பிளேடு இருந்தா குடு'ன்னாரு. ஆம்பள இல்லாத வூட்ல பிளேடு ஏதுங்க? 'இருண்ணா, கத்தி பாக்கறேன்'னு உள்ள போனேன். வண்டி ரோட்டோரமா நிக்குதேன்னு அவரு அந்தப் பக்கம் போனாரு. நான் கத்திய எடுத்துக்கினு வெளிய வரேன்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். ரோட்டில் ஒரு பஸ் போனது.

"ஓடிப் போயி தலைய மடியில வச்சிக்கினேன். கத்தி அப்பவும் என் கையிலயே இருந்துச்சி. பஸ்ல போனவங்க எறங்கி வந்து பாத்தாங்க. அவுங்க பாத்ததுதான் கதையாச்சி."

"இத ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

கேட்ட உடனே எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"யாரு கேட்டாங்க?" அவள் குரல் உயரவில்லை. "விசாரிக்க வந்தவரு உங்களுக்கும் அவருக்கும் இன்னா ஒறவுன்னு கேட்டாரு. உங்க மாமியா மண்ண வாரித் தூத்தினாங்க. நீங்க இந்தப் பக்கம் பாக்காம வண்டிய தள்ளிக்கினு போனீங்க. வண்டி ஏன் நின்னுச்சின்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உருவிக்கொள்ளவில்லை, திரும்பப் பிடிக்கவும் இல்லை.

"நான் பிளேடு இல்லன்னு சொல்லி அனுப்பியிருந்தா அவரு அந்நேரம் வேற எங்கயாவது கேக்கப் போயிருப்பாரு. இல்லாட்டி ஒரு நொடி இங்கயே நில்லுண்ணான்னு சொல்லியிருந்தாலும் போதும். தெனிக்கும் இதையே நெனச்சிக்கினு கெடக்கறேன். நீங்க போங்க நர்சம்மா. ஊசி போடற பசங்க காத்துக்கினு இருக்கும்."

வண்டி ஒரே மிதியில் எடுத்தது. அன்றைக்கு எங்கேயும் நிற்கவில்லை.

கோட்டக்குப்பத்தில் இரண்டு ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். பூசைக்கு வருகிறவர்களிடம் சொன்னேன். என் நிலையத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். ஆனால் ஓடி முடிந்த கதையைத் திருப்பிக் கூப்பிட முடியவில்லை. "பாவம், புருஷன் பேரக் காப்பாத்தப் பாக்குது" என்று என் காதுபடவே ஒருத்தி சொன்னாள்.

தேவகியை அத்தையிடம் அழைத்துப் போக நினைத்தேன். அவள் வரவில்லை. "உங்க வண்டில நான் ஏறினா அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க." அத்தையை இங்கே அழைத்து வரலாம் என்றால் அவரும் அசையவில்லை. "எந்த மூஞ்ச வச்சிக்கினு போறது?" என்பார். வருடங்கள் போயின. எனக்கு வேறு நிலையத்துக்கு மாற்றலானது. அந்த ரோட்டில் போவதே நின்றுபோனது.

ரெஜினா கல்லூரி முடித்த வருடத்தில் அத்தை படுக்கையில் விழுந்தார். ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது, "அந்தப் பொண்ணு இருக்குதா? ஒரு தரம் இட்டுனு வா. காலத் தொட்டுக் கேக்கணும்" என்றார்.

போனேன். ரோடு அகலமாகியிருந்தது. சவுக்குத் தோப்பு பிளாட் போட்டுக் கல் நட்டிருந்தது. ஓட்டு வீடு இல்லை. எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர், "அவுங்க கொல்லைய வித்துட்டுப் போயி ரொம்ப வருசம் ஆவுதே. கோட்டக்குப்பம் பக்கம், துபாய்ல கீறவங்க வூட்ல சமையலுக்கு இருக்கறதா சொன்னாங்க" என்றார்.

கோட்டக்குப்பத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக விசாரித்தேன். பாஷா பாயும் கூட வந்தார். அவருக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் கேட்டார். ஒரு தேவகியைக் காட்டினார்கள். அவள் வேறு ஆள், வயது கம்மி. இரண்டாவது ஞாயிறு மசூதித் தெரு முனையில் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "போதும் சிஸ்டர்" என்றார் பாய்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை கண் விழித்துத்தான் இருந்தார்.

"பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"இன்னா சொன்னா?"

"அம்மாவ ஒண்ணும் மனசுல வச்சிக்க வேணாம்னு சொல்லுங்கன்னாங்க. உடம்பு முடியல, இல்லன்னா நானே வந்திருப்பேன்னாங்க."

"நெஜமா சொன்னாளா?"

"சொன்னாங்க."

அத்தை என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மகனை இழந்த நாளிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரக் கடைசியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தப் பொய்யை நான் எந்தச் சாமியாரிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. தேவகி எங்கேயாவது உயிரோடு இருந்து, யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டினால், அவள் பெயரில் நான் கொடுத்த மன்னிப்பை அவள் ஒத்துக்கொள்வாளா என்று எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.